சம்பந்தி அம்மாள் அனுப்பிய அந்தூரியம்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்கள் மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பிய செடி பத்திரமாக வந்து சேர்ந்தது. அட்டைப் பெட்டியைப் பிரித்தபோது கடையே சுற்றி நின்றது. அரக்கு பூசியது போல மினுங்கிய சிவப்புப் பூவைப் பார்த்துவிட்டு எங்கள் கல்லா அம்மா, "இது பிளாஸ்டிக்குங்க. நம்ம தலையில கட்டிட்டாங்க" என்றார். அதோடு நிற்காமல் நகத்தால் கீறியும் பார்த்துவிட்டார். வருடக்கணக்காக என் கடைக் கல்லாவில் உட்கார்ந்து நோட்டுகளைத் தடவித் தடவிச் சந்தேகப்பட்ட விரல் அது. மன்னித்துவிடுங்கள்.

மாப்பிள்ளை வந்தார், காப்பி குடித்தார், கிளம்பினார். "பாப்பா வரலையா?" என்று கேட்டேன். "வேலை இருக்கு மாமா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். என் கடைத் தரை பளபளப்பானதுதான். ஆனாலும் ஒரு மனிதர் அவ்வளவு நேரம் பார்க்கிற அளவுக்கு அதில் ஒன்றும் கிடையாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் என் இரண்டாவது விளக்குக் கடையைத் திறக்கிறேன். பாப்பா எலெக்ட்ரிகல் படித்தவள், கல்யாணம் ஆகிற வரை என்னோடு இந்தக் கடையை நடத்தியவள். புதுக் கடை அவளுக்குத்தான் என்று டிசம்பரிலேயே பெயர்ப்பலகை மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவள் இங்கேயே வந்துவிட்டால் கடை மாடியில் குடியிருக்க இடம் தயார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பி வைக்க வேண்டும்.

போனில் கேட்கலாமே என்பீர்கள். போனில் என் குரல் ஏறிவிடும். உங்கள் மலையிலோ சிக்னல் இறங்கிவிடும். கடிதம்தான் இரண்டு பேருக்கும் நல்லது.

செடியைக் கடையிலேயே ராஜ இடத்தில் வைத்திருக்கிறேன். வாசல் கண்ணாடிக்குப் பின்னால், பெரிய சரவிளக்குக்கு நேர் கீழே. நாலு பக்கமும் ஸ்பாட்லைட். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜனவரி 21

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

செடியை உடனே அங்கிருந்து எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

எடுத்துவிட்டீர்களா? சரி. அந்தூரியம் நேர் வெளிச்சம் தாங்காது. மழைக்காட்டில் பெரிய மரங்களின் மேல், கிளை பிரிகிற கவட்டில், பாசியைப் பற்றிக்கொண்டு வளர்கிற செடி அது. மேலே இருக்கிற இலைகளெல்லாம் குடித்து முடித்து மிச்சம் விட்ட வெளிச்சம்தான் அதற்குப் பழக்கம். தரை மண்ணும் ஆகாது, வேருக்குக் காற்று வேண்டும். தொட்டியில் இருந்த தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் குப்பை இல்லை. கொட்டிவிடவில்லையே?

சிவப்பாக இருப்பது பூவும் இல்லை. நிறம் மாறிய இலை. நடுவில் நிற்கிற குச்சியில் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, அவைதான் பூக்கள். கல்லா அம்மா கீறியது இலையைத்தான், அவரைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மருமகளை அனுப்பி வைக்கச் சொல்கிறீர்கள். அவள் பார்சல் இல்லை. நான் அவளைக் கட்டியும் வைக்கவில்லை. கேட்க வேண்டியதை நீங்களே அவளிடம் கேளுங்கள்.

இவருக்கு முட்டிவலி பரவாயில்லை. உங்களை விசாரித்தார்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 4

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்வதற்குள் காரியம் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மட்டையையும் கரியையும் பார்த்ததும், வழியில் மாப்பிள்ளை கவனிக்காமல் மண் கொட்டிப் போய், ஏதோ குப்பையைப் போட்டு நிரப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். பாவம், சின்னப் பிள்ளை, வாய் திறந்து சொல்லமாட்டார் என்று நானே முதல் தரமான களிமண் வாங்கி, எருவும் கலந்து, கெட்டியாக அமுக்கி நட்டேன். ஒரு வாரத்தில் இலை வெளுத்தது. வெளுத்தால் என்ன அர்த்தம்? என் தொழிலில் ஒரே அர்த்தம்தான்: வெளிச்சம் போதவில்லை. ஆகவே இன்னும் இரண்டு விளக்கு சேர்த்தேன். அடுத்த வாரம் இலையில் பழுப்புத் தீற்றல் விழுந்தது. என் இஸ்திரிப் பெட்டி என் சட்டைகளுக்குத் தருகிற அதே நிறம், அதே வடிவம். இன்னும் ஒரு விளக்கு சேர்க்க ஏணியில் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் தபால்காரர் உங்கள் கடிதத்தை நீட்டினார்.

இப்போது செடி கல்லா மேஜைக்கு அடியில், கல்லா அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடையில் அதைவிட இருட்டான இடம் கிடையாது.

இருக்கட்டும். நிழல், நிழல் என்று நீங்கள் எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன். செடியைச் சாக்கு வைத்து என் பெண்ணைப் பற்றித்தான் சொல்கிறீர்கள் என்று புரியாத அளவுக்கு நான் டியூப்லைட் இல்லை. அதை விற்கிறவன், அவ்வளவுதான். இங்கே வந்தால் அவள் கருகிப் போவாள் என்கிறீர்கள். அப்படித்தானே?

நானும் ஒன்று சொல்கிறேன், வருத்தப்படக் கூடாது. கல்யாணம் பேச உங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் மரப்பெஞ்சு கிடந்தது தெரியாமல் முழங்காலில் இடித்துக்கொண்டேன். சபையில் சிரித்துச் சமாளித்தேன். பட்டப்பகலில் அது. உங்கள் கூடத்து பல்பு எரிகிறதா என்று பார்க்க இன்னொரு பல்பு வேண்டும். என் பெண் கடை மாடியில் பிறந்து வளர்ந்தவள். ராத்திரி என்றால் என்ன என்று அவளுக்குப் பள்ளிக்கூடத்தில்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அவளை அங்கே பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது கேட்பதில்லை.

இந்தச் சங்கடத்தில் கடையில் திருட்டு வேறு. வெளிச்சம் அளக்கிற என் லக்ஸ் மீட்டரைக் காணவில்லை. எலெக்ட்ரீஷியனைப் பார்த்து "எங்கப்பா போயிருக்கும்?" என்று கொஞ்சம் இழுத்துக் கேட்டேன். இப்போது அவனும் என்னோடு பேசுவதில்லை. பேசாதவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 16

சம்பந்தி அவர்களுக்கு,

எலெக்ட்ரீஷியனிடம் மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் மீட்டர் இங்கே இருக்கிறது. அக்டோபரில் அங்கே வந்தபோது மருமகள் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாளாம். "அப்பாகிட்ட சொன்னேன் அத்தை, அவர் கஸ்டமர்கிட்ட பேசிட்டிருந்தார், தலையாட்டினார்" என்கிறாள். உங்கள் தலையாட்டலை நம்பி எதையும் எடுக்கக் கூடாது என்று இப்போது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்து, நான் செடியைப் பற்றி எழுதினால் செடியைப் பற்றித்தான் எழுதுகிறேன். மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் பெயரையே போட்டு எழுதுவேன். அவள் ஒன்றும் நிழல் செடி இல்லை. அவள் வந்த பிறகு இந்த வீட்டில் வானொலிக்கு வேலை போய்விட்டது. எங்கள் அந்தூரியம் நாற்றுப்பந்தலில் தண்ணீர் விட்டுக்கொண்டே பாடுகிறாள். சுருதி உங்கள் குடும்பத்திலிருந்து வந்திருக்க வேண்டும், எங்களுடையது இல்லை. மத்தியானம் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தால், "அத்தை, தூங்கிட்டீங்களா?" என்று எழுப்பிக் கேட்பாள்.

மீட்டரை வைத்து என்ன செய்கிறாள் என்று தெரிந்தால் உங்கள் கோபம் குறையுமோ என்னவோ. போன வாரம் நாங்கள் மூன்று பேரும் மேல்காட்டுக்குப் போனோம். வருடத்துக்கு ஒருமுறை நான் போவது வழக்கம். பந்தலில் வளர்கிற செடி எதைத் தேடுகிறது என்று மறந்துபோகாமல் இருக்க. பஸ் நிற்கிற இடத்தில் மீட்டரை நீட்டினாள், லட்சத்துக்குப் பக்கத்தில் காட்டியது. ஓடையைத் தாண்டி உள்ளே போகப் போக எண் சரிந்துகொண்டே வந்தது. ஒரு பழைய மரம், நாலு பேர் கைகோத்தாலும் எட்டாது. ஆள் உயரத்துக்கு மேலே, கிளை பிரிகிற இடத்தில் பாசிக்குள், எப்போதோ தோட்டத்திலிருந்து தப்பிக் காட்டில் பரவிய அந்தூரியம் உட்கார்ந்திருந்தது. கடைப் பூ மாதிரி பெரிதாக இல்லை, ஒரு குழந்தையின் உள்ளங்கை அளவு. வேர்கள் மண்ணைத் தேடாமல் அந்தரத்தில் தொங்கின. நாங்கள் நிற்கும்போதே மூட்டம் உள்ளே வந்தது. இலை நுனியில் நீர் சேர்வதும் சொட்டுவதும் தவிர வேறு சத்தமில்லை.

மருமகள் என் மகன் தோளில் ஏறி நின்று மீட்டரை நீட்டினாள். இரண்டாயிரத்துச் சொச்சம். "அத்தை, நம்ம பந்தல்ல இதைவிட மூணு மடங்கு இருக்கு. அதான் ஓரத்துல காயுது" என்றாள். வீடு திரும்பிய மறுநாளே பந்தலின் நிழல்வலையை இன்னும் ஒரு மடிப்பு போட வைத்தாள். இத்தனை வருடம் கண்ணால் அளந்தே ஓட்டிய எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் செடி அவள் பக்கம் பேசுகிறது.

ஏன் உங்களோடு பேசுவதில்லை என்று நானே கேட்டேன். கல்லா அம்மா போனில் அனுப்பிய படத்தைக் காட்டினாள். ஆள் உயர எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் பல்பு: பாப்பா லைட் ஹவுஸ்.

"எனக்கு முப்பது வயசாகுது அத்தை. காலேஜ்ல என்கூடப் படிச்சவங்க பாதிப் பேர் அந்தத் தெருவுலதான் இருக்காங்க. வர்றியான்னு ஒரு வார்த்தை கேட்டாரா? நேரா பல்பு மாட்டிட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 25

அம்மா,

பாப்பாவைப் பாப்பா என்று எழுதாமல் வேறு என்ன எழுதுவது?

கடை அவளுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். நான் யாரையும் கெஞ்சவில்லை. செடியைப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். அதுவும் உங்களிடமே இருக்கட்டும்.

பெஞ்சைப் பற்றி எழுதியது தவறு. அதை மட்டும் வாபஸ் வாங்குகிறேன்.


மார்ச் 8

சம்பந்தி அவர்களுக்கு,

பார்சல் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். கோபத்தில் பெட்டியைத் தேடியிருப்பீர்கள், பெட்டி கிடைப்பதற்குள் கோபம் போயிருக்கும். உங்கள் பெண்ணும் இதே ரகம்.

செடி உயிரோடு இருந்தால் இப்படிச் செய்யுங்கள். களிமண்ணைக் கழுவி எடுங்கள். அழுகிய வேரை நறுக்குங்கள். மட்டையும் கரியும் போட்டு மறுபடி வையுங்கள். மேஜைக்கு அடியிலும் வேண்டாம். நிழல் என்றால் இருட்டு இல்லை, நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கண் இடுக்காமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம் எதுவோ, அதுதான் இடம். அப்படி ஓர் இடம் உங்கள் கடையில் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. நான் நியாயஸ்தி மாதிரி எழுதிக்கொண்டு போகிறேன், அதை முழுதாக நம்ப வேண்டாம். மருமகள் உங்கள் கடைக்கு வந்தால் என் மகனும் வந்துவிடுவான். இவரால் குனிய முடியவில்லை, பந்தல் முழுக்க என் தலையில்தான். எனக்கும் அவள் வேண்டும். ஆகவே நான் என்ன யோசனை சொன்னாலும் அதில் என் வசதி கொஞ்சம் கலந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், நேரில் வந்து அவளிடமே கேளுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன். மேல்காட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறேன். போன உடனே பேச ஆரம்பித்துவிடாதீர்கள். அங்கே பேசினால் ஒன்றும் கண்ணில் படாது.

உங்கள் சம்பந்தி


மார்ச் 20

சம்பந்தி அம்மாவுக்கு,

பெட்டி கிடைத்தது. கல்லா அம்மாதான் செடியைத் தரவில்லை. "மேஜைக்கு அடியில வச்சுட்டு, நான் காலை எங்க வைக்கிறதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்கேன். இப்ப அனுப்பிட்டா என் கஷ்டமெல்லாம் வீணாப் போகும்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

நீங்கள் சொன்னபடி மண்ணைக் கழுவினேன். வேரில் பாதி கையோடு வந்துவிட்டது. மிச்சத்தை மட்டையில் வைத்தேன். கரிக்கு எங்கே போவேன் என்று விழித்தபோது, பேசாமல் இருந்த எலெக்ட்ரீஷியன் ஒரு பை கரியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, பேசாமலே போனான். மன்னிப்பை மறுநாள் கேட்டேன்.

பிறகு செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு என் கடையில் நானே இடம் தேடி அலைந்தேன். எங்கே போனாலும் கண் கூசுகிறது. இத்தனை வருடம் இதற்குள்தான் இருந்தேனா என்று ஆகிவிட்டது. கடைசியில் இடது பக்க மூலையில் ஒரு வரிசையை மொத்தமாக அணைத்துவிட்டு, பக்கத்து வரிசையிலிருந்து கசிகிற வெளிச்சத்தில் ஒரு ஸ்டூல் போட்டுச் செடியை வைத்தேன். பக்கத்தில் ஒரு நாற்காலி, எனக்கு.

நடந்த கூத்தைக் கேளுங்கள். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கடையைச் சுற்றிவிட்டு அந்த மூலைக்கு வந்து நிற்கிறார்கள். நேற்று ஒரு புது ஜோடி. "இந்த மாதிரி வெளிச்சம் வேணும், இதுக்கு எந்த லைட் வாங்கணும்?" என்று கேட்டார்கள். அணைத்து வைத்த விளக்கை எப்படி விற்பது என்று எனக்குத் தெரியவில்லை. பாப்பா இருந்திருந்தால் விற்றிருப்பாள்.

செடியில் நடுவில் ஒரு சுருள் தெரிகிறது. இலையா, அந்தச் சிவப்பா என்று இன்னும் தெரியவில்லை. கல்லா அம்மாவிடம் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

முப்பதாம் தேதி வருகிறேன். பாப்பாவிடம் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம். சொல்லிவிடுங்கள்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 25

சொல்லிவிட்டேன். "ஓகோ" என்றாள். பிறகு உங்கள் அறையை நாலு தரம் பெருக்கினாள். நல்ல பிடிப்புள்ள செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், பாதை வழுக்கும். பெஞ்சைச் சுவரோரம் நகர்த்திவிட்டோம்.


ஏப்ரல் 3

சம்பந்தி அம்மாவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். உங்கள் வீட்டில் இருந்த இரண்டு நாளும் உங்களிடம் சொல்லாததை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் நீங்கள் கேட்கவும் இல்லை. அதற்கு முதலில் நன்றி.

மேல்காட்டில் ஓடை வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு நடந்தேன். தாண்டிய பிறகு கட்டத் தேவையே இல்லாமல் போய்விட்டது. நீங்கள் எழுதிய அதே மரம். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஒரே பச்சை. கண்ணுக்குப் பழக நேரம் பிடித்தது. பிறகு ஒன்று தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே இன்னொன்று, பக்கத்துக் கிளையில் இரண்டு. ஒன்றில் காய்கள் பழுத்துச் சின்னச் சின்ன மணியாகத் தொங்கின. ஒரு குருவி வந்து கொத்திவிட்டு, அலகில் ஒட்டிய விதையைப் பட்டையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தது. ஓ, இப்படித்தான் உயரத்துக்குப் போகிறதா என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அது புதுசு.

பாப்பாவுக்குத்தான் பயம் வந்துவிட்டது.

"அப்பா, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"இல்லையே."

"பின்ன ஏன் பேசமாட்டேங்கிறீங்க?"

"உன் மாமியார் பேசக்கூடாதுன்னு எழுதியிருக்காங்க."

"அவங்க சொன்னா கேப்பீங்க. நான் சொன்னதை என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

"நீ சொல்லு, இப்பக் கேக்கறேன்" என்றேன். அவள் குனிந்து ஒரு குச்சியை எடுத்துக்கொண்டாள். அப்புறம் நானே கேட்டேன். இதற்கு மூன்று மாதம், ஏழெட்டுக் கடிதம், ஒரு செடி.

"புதுக் கடைக்கு வர்றியா பாப்பா?"

"வரலப்பா."

"சரி."

"என்ன சரி?"

"சரின்னா சரிதான்."

சந்தேகமாகப் பார்த்தாள். "கோபமா?" என்றாள். கோபம் வருகிறதா என்று நானும் உள்ளே தேடிப் பார்த்தேன். வரவில்லை. அவள் தலைமுடியில் பாசி ஒட்டிக்கொண்டிருந்தது, விரல் முழுக்கக் கரி, முகம் நன்றாக இருந்தது. டிசம்பரில் பலகை மாட்டிய அன்று ஏணி மேல் நின்று நான் மனதில் பார்த்த முகம் அப்படித்தான் இருந்தது. இடம் மட்டும் மாறிவிட்டது.

"அப்ப கடைய யாரு பாத்துப்பாங்க?"

"கல்லா அம்மா."

அவ்வளவுதான். "அவங்களுக்கு வார்ம் லைட்டுக்கும் கூல் லைட்டுக்கும் வித்தியாசம் தெரியாதுப்பா" என்று ஆரம்பித்தாள். வேர் மேல் உட்கார்ந்து, குச்சியால் ஈர மண்ணில் கடையை வரைந்தாள். கதவுக்கு நேரே சரவிளக்கு வேண்டாமாம், உள்ளே வருகிறவன் முகத்தில் அடிக்குமாம். நடுவில் ஒரு வரிசையை எரியவே விடக் கூடாதாம். மின்சாரம் போனால் கல்லாவுக்குத் தனி லைன் வேண்டுமாம். மூட்டம் வந்து இரண்டு பேரையும் நனைத்தது, அவள் நிறுத்தவில்லை. நீங்கள் எனக்கு விதித்த கட்டுப்பாட்டை அவளுக்கு விதிக்க மறந்துவிட்டீர்கள். எனக்கு நினைவு நிற்காது என்று கல்லா அம்மாவுக்கே எழுதி அனுப்புகிறாளாம்.

பலகையை இறக்கச் சொல்லிவிட்டேன். கல்லா அம்மா தன் பெயரைப் போடக் கூடாது என்று இப்போதே சண்டை பிடிக்கிறார். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் மாட்டுவேன்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வசதி கலந்த யோசனை என்று எழுதினீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு வரத் தைரியம் வந்தது. பயந்துகொண்டிருப்பது நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன்.

இறங்கி வரும்போது வழுக்கினேன். நல்ல செருப்புத்தான், கால்தான் பழசு. பாப்பா கையைப் பிடித்தாள். பாதை சமமான பிறகும் விடவில்லை. பஸ் நிற்கிற இடத்திலும் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து என் பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், நல்ல பிள்ளை. பஸ் வந்தது. நான் படியில் ஏறிய பிறகும் அவள் கீழே நின்று என் கையைப் பிடித்தபடியே இருந்தாள். கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டிக்கெட் ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டார்.

"ஒண்ணு" என்றேன்.

உங்கள் சம்பந்தி